படத்தின் மறுபாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் என்னைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. வீட்டுக்கு வந்து பேட்டி எடுத்த தம்பி நல்ல பிள்ளை. மூன்று மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். என் மனைவி நீட்டிய இரண்டாவது காபியையும் மறுக்காமல் குடித்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கட்டுரை வந்த நாளிலிருந்து தென்காசியில் எனக்கு ஏக உபசாரம். முடிதிருத்தும் கடையில் என்னைக் காத்திருக்க விடுவதில்லை. பேரன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறான். மனைவி அதை லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டிவிட்டாள்.

மாட்டியதில்தான் வம்பு வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே தெரிகிறது. "எபோலாவை விரட்டிய தென்காசி டாக்டர்" என்ற தலைப்பைத் தினம் மூன்று வேளை பார்த்தால் சோறு எப்படி இறங்கும்? அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். எழுத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், படத்தை மட்டும் இந்த முறை வெட்டிவிடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் தலைப்பு. நான் எபோலா நோயாளி ஒருவரைக்கூடத் தொட்டதில்லை. 2014 ஜூலை 20-ஆம் தேதி லைபீரியாவிலிருந்து விமானத்தில் வந்த பேட்ரிக் சாயர் என்பவர் லாகோஸ் விமான நிலையத்தில் சரிந்து விழுந்தார். அன்று நான் அதே நைஜீரியாவில்தான் இருந்தேன், ஆனால் வடக்கே கானோவில். சாலை வழியாகப் போனால் சுமார் ஆயிரம் கிலோமீட்டர். அந்த வாரம் முழுவதும் மலேரியாக் காய்ச்சலில் போர்வைக்குள் கிடந்தேன். லாகோசில் நடந்ததை உங்களைப் போலவே செய்தியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அங்கே நோயை அடக்கியது யார் என்பதை இரண்டு வரியாவது நீங்கள் எழுதியிருக்கலாம். அரசு மருத்துவர்கள் வேலை நிறுத்தத்தில் இருந்த நேரம் அது. சாயரைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். அங்கிருந்த டாக்டர் அமெயோ ஸ்டெல்லா அடாடெவோ இது எபோலாவாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். வெளியே விடச் சொல்லி வந்த நெருக்கடிக்கெல்லாம் அசையாமல் அவரை அங்கேயே நிறுத்திவைத்தார். அதே நோய் தொற்றி ஆகஸ்ட் 19-ஆம் தேதி அந்த அம்மா இறந்துபோனார். அப்புறம் தெருவில் இறங்கியவர்கள் நைஜீரியாவின் சொந்த ஆட்கள். போலியோ ஒழிப்புக்காக 2012-லேயே அங்கே ஓர் அவசரச் செயல்பாட்டு மையம் அமைத்திருந்தார்கள். அதில் துணைப் பொறுப்பில் இருந்த டாக்டர் ஃபைசல் ஷுவாய்பை லாகோசில் எபோலா வேலைக்குத் தலைமை ஏற்க வைத்தார்கள். 2008 முதல் அந்த நாடு நடத்திவந்த களத் தொற்றுநோயியல் பயிற்சியில் படித்தவர்கள் நூறு பேருக்கு மேல் கையில் இருந்தார்கள். நோயாளிகளோடு பழகியவர்கள் 890-க்கும் மேல். ஒவ்வொருவரையும் 21 நாள் கண்காணிக்க வேண்டும். அதற்காக 18,500 முறை வீடு தேடிப் போனார்கள். சென்னையைவிடப் பெரிய லாகோசிலும், தெற்கே போர்ட் ஹார்கோர்ட் நகரத்திலுமாக இவ்வளவும் நடந்தது. மொத்தம் 20 பேருக்குத் தொற்று, 8 பேர் மரணம், அத்தோடு நின்றது. அக்டோபர் 20-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் நைஜீரியாவில் எபோலா இல்லை என்று அறிவித்தது.

இதில் என் பங்கு என்ன என்று கேட்டால், ஒரு டார்ச் லைட். கானோவில் என்னோடு போலியோ வேலை பார்த்த இளைஞர் ஒருவரை லாகோசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கிளம்பும்போது அவருடைய டார்ச் எரியவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன். திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்து, "ஆயிரக்கணக்கான டாக்டர்களுக்குப் பயிற்சி அளித்தவர்" என்று போட்டிருக்கிறீர்கள். கட்டுரை வந்த மறுநாள் பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நான் கூடவே இருந்து, களத்துக்குக் கூட்டிப்போய், அவர்கள் எழுதியதைத் திருத்தி, ஒரு வேலையை முழுதாகச் செய்து முடிக்கும்வரை உடன் நின்றவர்கள் மொத்தம் 61 பேர். அதில் டாக்டர்கள் நான்கு பேர். மீதிப் பேர் செவிலியர்கள், சுகாதார அலுவலர்கள், ஆய்வக உதவியாளர்கள், ஒரு கால்நடை ஆய்வாளர். மேடையேறிப் பேசியதைக் கணக்கில் சேர்த்தால் ஆயிரம் வரலாம். மேடையில் பேசியதெல்லாம் பயிற்சி என்றால், எங்கள் ஊர்க் கோயில் கொடையில் மைக் பிடித்தவரெல்லாம் பேராசிரியர்தான்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த ஆளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. தம்பியிடம் சொன்னேன், இடமில்லாமல் போயிருக்கும். 1987-ல் அன்றைய நெல்லை மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தேன். எம்.பி.பி.எஸ். முடித்த திமிர் இன்னும் இறங்காத வயது. சேர்ந்த சில மாதத்தில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வயிற்றுப்போக்கோடு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். நான் சலைன் பாட்டில் ஏற்றுவதிலேயே மும்முரமாக இருந்தேன். எங்கள் ஹெல்த் இன்ஸ்பெக்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெற்றிலைப் பையோடு சைக்கிளில் வருவார். ஒவ்வொரு நோயாளி பக்கத்திலும் உட்கார்ந்து, "எந்தத் தெரு? எந்தக் குழாயில தண்ணி பிடிக்கீங்க? முதல்ல யாருக்கு ஆரம்பிச்சுது?" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டே போனார். சாயங்காலம் என்னிடம் வந்து, "சார், பாட்டில நர்சம்மா மாட்டுவாங்க. நீங்க என்கூட வாங்க" என்றார்.

போனேன். தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் குளோரோஸ்கோப் பெட்டியை எடுத்தார். குழாய்த் தண்ணீரில் சொட்டு மருந்தை விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்களில் வந்தது. கிழக்குத் தெருவில் வரவில்லை. நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தெருக்காரர்கள். சாக்கடையை ஒட்டிப் போன குழாயைத் தோண்டச் சொன்னார். ஓர் இணைப்பு விட்டுப்போயிருந்தது, கை நுழையும் அளவுக்கு ஓட்டை. குழாயைச் சரிசெய்த மூன்றாம் நாளிலிருந்து புது நோயாளி இல்லை. நான் ஏற்றிய பாட்டில் எத்தனை என்று யாருக்கும் நினைவில்லை, அந்த ஓட்டையை இப்போதும் அந்த ஊரில் சொல்வார்கள்.

பிற்பாடு 2003-ல், பணியில் இருந்தபடியே, சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தில் இரண்டு வருட முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். இந்தப் படிப்பு அங்கே தொடங்கியது 2001-ல். வகுப்பு கொஞ்சம்தான், மீதிக் காலமெல்லாம் அவரவர் மாவட்டத்தில் வேலை. இந்த முறைக்கு ஒரு கதை உண்டு. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, கிருமிகளை ஆயுதமாக ஏவிவிடுவார்களோ என்ற பயம் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தை வைத்து அலெக்சாண்டர் லாங்மியூர் என்பவர் 1951-ல் நோய்த் துப்பறியும் படை ஒன்றை உண்டாக்கினார். அவர்களுடைய சின்னம் அடியில் ஓட்டை விழுந்த ஒரு ஷூ. 1975-ல் கனடாவும் 1980-ல் தாய்லாந்தும் இதே முறையைத் தங்கள் நாட்டில் ஆரம்பித்தன. பிறகு உலகம் முழுக்கப் பரவியது. வகுப்பில் இந்தச் சின்னத்தைத் திரையில் காட்டியபோது எனக்கு எங்கள் இன்ஸ்பெக்டரின் டயர் செருப்புதான் ஞாபகம் வந்தது. லாங்மியூர் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். ஆனால் 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணத்தின் வளர்ப்பு அவர். அவருக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்திருப்பார், அவருக்கு முன்னால் இன்னொருவர். அப்படி வந்த வேலை.

2005 முதல் 2012 வரை பீகாரில் போலியோ கண்காணிப்பில் இருந்தேன். கோசி நதிக்கு இரண்டு பக்கமும் கரை கட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே, ஆற்றுப் படுகையிலேயே, நூற்றுக்கணக்கான கிராமங்கள். வருடா வருடம் வெள்ளம் வரும், ஊர் இடம் மாறும். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கையோ காலோ திடீரென்று துவண்டுபோனால், காரணம் என்னவாக இருந்தாலும், எங்களுக்குத் தகவல் வர வேண்டும். பதினான்கு நாளுக்குள், இருபத்து நான்கு மணி நேர இடைவெளி விட்டு, இரண்டு முறை மலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். படகில், டிராக்டரில், சில நேரம் தலையில் பெட்டியைச் சுமந்துகொண்டு போவோம். என் மாமியார் ஊரில் யாரோ, "மாப்பிள்ளைக்குப் பீகார்ல என்ன வேலை?" என்று கேட்டதற்கு என் மனைவி கடைசிவரை நேரான பதில் சொல்லவில்லை.

அங்கே நான் கற்றது இரண்டு. ஒன்று, கிராமத்தில் துவண்ட காலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் முதலில் ஓடுவது அரசு மருத்துவமனைக்கு இல்லை. ஜோலா டாக்டர் என்று அவர்கள் சொல்லும், தோள்பையோடு திரிகிற பட்டமில்லாத வைத்தியரிடம் போவாள், இல்லையென்றால் மந்திரிப்பவரிடம். அவர்களைப் போலி என்று விரட்டினால் நமக்குத் தகவலே வராது. அதனால் அவர்களையும் தகவல் தருகிறவர்கள் பட்டியலில் சேர்த்தோம். டாக்டர் என்ற முறையில் எனக்கு இது முதலில் கசந்தது. இரண்டாவது, பூஜ்யம். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மருத்துவமனையும் அறிக்கை அனுப்ப வேண்டும். யாரும் வரவில்லை என்றால் "இல்லை" என்று எழுதி அனுப்ப வேண்டும். அறிக்கையே வராததும், "இல்லை" என்று அறிக்கை வருவதும் ஒன்றல்ல. முதலாவதில் நோய் ஒளிந்திருக்கலாம். இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மாவட்டத்தில் ஒன்றரை வருடம் பிடித்தது. 2009-ல் இந்தியாவில் 741 பிள்ளைகளுக்குப் போலியோ வந்தது. 2010-ல் 42. 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரே ஒரு குழந்தை, அப்புறம் இல்லை. அந்தக் கடைசி "இல்லை"யை நம்ப முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன்னால் வாராவாரம் வந்து குவிந்த லட்சக்கணக்கான "இல்லை"கள்.

கானோவைப் பற்றி நீங்கள் எழுதியது ஓரளவு சரிதான். 2003-ல் அந்த மாநிலம் சொட்டு மருந்தே வேண்டாம் என்று நிறுத்தியது, பிள்ளைப்பேறு இல்லாமல் போய்விடும் என்ற வதந்தி. அந்தச் சந்தேகத்தின் வால் நான் போனபோதும் இருந்தது. 2013 பிப்ரவரியில் சொட்டு மருந்து வேலையிலிருந்த பெண்களைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த சுற்றுக்கு என் வார்டில் யாரும் வரமாட்டார்கள் என்றே நினைத்தேன். பட்டியலில் பாதிப் பெயருக்கு மேல் வந்திருந்தார்கள், பையை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு. 2020 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்க வட்டாரம் முழுவதும் இயற்கைப் போலியோ வைரஸ் இல்லை என்று சான்று கொடுத்தார்கள். எங்கள் பழைய வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு ஆள் வாழ்த்துப் போட்டார்கள். அந்தப் பெண்களின் பெயரை யாரும் போடவில்லை. நானும் போடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இனி "கெப்பாசிட்டி பில்டிங்" என்ற சொல்லுக்கு வருகிறேன். தம்பி அதைத் "திறன் மேம்பாட்டு வல்லுநர்" என்று தமிழாக்கி என் பெயருக்கு முன்னால் மாட்டிவிட்டார். இந்தச் சொல்லின் பெயரால் நடக்கிற கூத்தையும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாட்டில், எந்த நாடு, எந்த நிறுவனம் என்று வேண்டாம், கடற்கரை ஓட்டலில் நான்கு நாள் பயிலரங்கு. பேச நானும் போயிருந்தேன். காலையில் வரவேற்புரை, குழுப் படம், கனமான மதியச் சாப்பாடு, சாயங்காலம் பேட்டா கையெழுத்து. முன்வரிசையில் ஒரு செவிலியர் தூங்கிக்கொண்டிருந்தார். இடைவேளையில் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய சுகாதார நிலையத்தில் மொத்தமே இரண்டு பேர், இன்னொருவர் பிரசவ விடுப்பில். அப்படியானால் இந்த நான்கு நாளும் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "பூட்டியிருக்கு" என்றார். அந்த வருடத்தில் அவருக்கு அது ஐந்தாவது பயிலரங்கு. பிளாஸ்டிக் கவருக்குள் பதினொரு சான்றிதழ்களை மடிப்பு விழாமல் வைத்திருந்தார். சம்பளம் மூன்று மாத பாக்கி, பேட்டாதான் வீட்டை ஓட்டுகிறது. அவர்மேல் என்ன தப்பு? அந்த நான்கு நாளில் அங்கே பிரசவ வலியோடு யார் வந்து திரும்பினார்கள் என்று எந்த ரிஜிஸ்டரிலும் இருக்காது. பூட்டிய கதவுக்கு ரிஜிஸ்டர் ஏது? எங்கள் அறிக்கையில் மட்டும் "பயிற்சி பெற்றோர் 40" என்று அழகாக ஏறியது. அதில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் 2016-ல் சியரா லியோனுக்குப் போனேன். எபோலா அங்கே 14,000-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து, ஏறக்குறைய 4,000 பேரைக் கொண்டுபோயிருந்தது. கெனிமா மருத்துவமனையில், எலியால் பரவும் லாசாக் காய்ச்சலுக்கான பிரிவை நடத்திவந்த டாக்டர் ஷேக் உமர் கானும் 2014 ஜூலையில் அதிலேயே போய்விட்டார். நான் போனது எல்லாம் ஓய்ந்த பிறகு. மாவட்டக் கண்காணிப்பு அலுவலர்களுக்கு மூன்று மாத முன்களப் பயிற்சி அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். ஓட்டல் சில நாள்தான், மீதியெல்லாம் அவரவர் வேலை செய்கிற இடத்திலேயே. ரிஜிஸ்டரையும் அனுப்பிய அறிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நோயாளியை நேரில் போய் விசாரிக்க வேண்டும். ஏன் இப்படி நடந்தது என்று மீன்முள் மாதிரி படம் போட்டு, காரணத்தின் காரணத்துக்குப் போக வேண்டும். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் போவது என் வேலை.

நம்மூர்க்காரனுக்கு அந்த நாடு அவ்வளவு அந்நியமில்லை. சோறு சாப்பிடாவிட்டால் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை என்பார்கள். மரவள்ளி இலையை இடித்துப் பனை எண்ணெயில் குழம்பு வைப்பார்கள், முதல் வாரம் கொஞ்சம் தகராறு செய்யும், அப்புறம் விடமாட்டோம். வயதானவர்களைப் "பா" என்று கூப்பிடுவார்கள். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பார்த்ததும் "ஹவ் தி பாடி?" என்று கேட்பார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று அர்த்தம். பொதுச் சுகாதாரக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான வணக்கம் எந்த மொழியிலும் கிடையாது.

முதல் பிரிவில் ஒரு பையன், கினி எல்லைப் பக்கத்து மாவட்டம், படு கெட்டி. பயிற்சி முடிந்த இரண்டாவது மாதம் அவனிடமிருந்து அறிக்கை நின்றுபோனது. போய்ப் பார்த்தால் பைக் வாசலில் நிற்கிறது, டேங்கில் பெட்ரோல் இல்லை. பயிற்சிக்குப் பணம் இருந்தது, பயிற்சி பெற்றவன் ஊர் ஊராகப் போய்வரப் பணம் எந்தத் தலைப்பிலும் இல்லை. நான் பையில் இருந்ததைக் கொடுத்து நிரப்பச் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை அப்படித்தான் செய்தேன். மூன்றாவது முறை அவனையே கூட்டிக்கொண்டு மாவட்ட மருத்துவ அலுவலர் அறைக்குப் போனேன். கணக்கர், அவருக்கு மேல் கணக்கர், தலைநகரத்தில் ஒருவர் என்று நான்கு மாதம் அலைந்தோம். கடைசியில் மாவட்டத்தின் மாதச் செலவுப் பட்டியலில் "கண்காணிப்பு, எரிபொருள்" என்று ஒரு வரி ஏறியது. முப்பது வருட வேலையில் நான் செய்த உருப்படியான திறன் மேம்பாடு எது என்று கேட்டால் அந்த ஒரு வரியைத்தான் சொல்வேன். தம்பியிடமும் சொன்னேன். "சார், எபோலா பத்திச் சொல்லுங்க" என்றார்.

இப்போது படம். நீங்கள் போட்ட படத்தில் நான் வலது கையை உயர்த்தி நிற்கிறேன், வாய் திறந்திருக்கிறது. கீழே "ஆப்பிரிக்க சுகாதாரப் பணியாளர்களுக்கு வகுப்பெடுக்கிறார்" என்று இருக்கிறது. நான் கொடுத்த படத்தில் இடது பாதியில் ஒரு பெண் நிற்கிறார், சுவரில் ஒட்டிய சார்ட்டில் குச்சி வைத்துக் காட்டிக்கொண்டு. அந்தப் பாதியை வெட்டிவிட்டீர்கள். வகுப்பெடுத்தது அவர்தான். நான் கை தூக்கியது சந்தேகம் கேட்க.

என்ன சந்தேகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் சியரா லியோனில் ஒரு மாவட்டத்தின் கண்காணிப்பு அலுவலர், படித்தது செவிலியம். அவருடைய பகுதியில் ஒரு சுகாதார நிலையம் பல வாரமாகத் தட்டம்மை பூஜ்யம் என்று அனுப்பிக்கொண்டிருந்தது. பீகார் பூஜ்யத்தின் பெருமையை அவருக்கு நான்தான் சொல்லியிருந்தேன். அப்படியே, வட ஆற்காட்டில் 1980-களில் வேலூர் சி.எம்.சி. பேராசிரியர் டி. ஜேக்கப் ஜான் தனியார் டாக்டர்களிடம் தபால் அட்டை கொடுத்து நோய்த் தகவல் வாங்கிய கதையையும், அந்தத் திட்டத்துக்கு "நதி" என்று பெயர் என்பதையும் சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் அந்த நிலையத்துக்குப் போய் ரிஜிஸ்டரைப் புரட்டினார். காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு வந்த நான்கு பிள்ளைகளைத் "தோல் நோய்" என்று எழுதிவைத்திருந்தார்கள். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே சத்தம் போட்டிருப்பேன். இவர் போடவில்லை. அன்று முழுக்க அந்த நிலையத்துச் செவிலியரோடு உட்கார்ந்து தடுப்பூசி போட உதவினார், சேர்ந்து சாப்பிட்டார். சாயங்காலம் அந்த அம்மாவே சொன்னாராம். எபோலா நேரத்தில் அவர் ஒரு காய்ச்சலைப் பற்றித் தகவல் கொடுத்தார். வண்டி வந்தது, உடம்பு முழுக்க மூடிய ஆட்கள் இறங்கினார்கள், நோயாளியைக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவே இல்லை. அதிலிருந்து ஊர் அந்த அம்மாவோடு ஒரு வருடம் பேசவில்லை. அதற்கப்புறம் வண்டி வருகிற மாதிரி எதையும் அவர் எழுதுவதில்லை.

பூஜ்யம் என்று எழுதி வந்தாலும் அதற்குள்ளும் நோய் ஒளிந்திருக்க முடியும் என்று முப்பது வருடம் கழித்து எனக்குச் சொன்னவர் அந்தப் பெண். அந்தக் கூட்டத்தில் அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். "மற்ற நிலையங்களின் பூஜ்யத்தில் எது நிஜம், எது பயம் என்று எப்படிப் பிரிப்பாய்?" என்று கேட்கத்தான் நான் கை தூக்கினேன். "அடுத்த தடவை வண்டி போகும்போது என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது, பா" என்றார். அன்றே ஒரு விதி போட்டார்கள். தகவல் வந்தால் முதலில் ஒரே ஒருவர், சாதாரண உடையில், பைக்கில் போய்ப் பார்ப்பது, தகவல் கொடுத்த செவிலியரைக் கூடவே கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது. எபோலா சந்தேகம் இருந்தால் வேறு ஏற்பாடு. அந்த விதியில் என் கை எதுவும் இல்லை. தட்டம்மைத் தகவல் அந்த நிலையத்திலிருந்து அடுத்த மாதமே வர ஆரம்பித்தது.

2018-ல் கிளம்பி வந்துவிட்டேன். 2025 ஜனவரியில் அங்கே எம்பாக்ஸ் என்ற குரங்கம்மைக்காகச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். அதே மாதம்தான் அமெரிக்கா வெளிநாட்டு உதவிப் பணத்தை நிறுத்தியது, ஜூலைக்குள் அந்த உதவி அமைப்பையே மூடிவிட்டார்கள். பணம் நின்றால் எங்கள் மாதிரி ஆட்கள் முதலில் விமானம் ஏறிவிடுவோம், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தப் பையனின் மாவட்டத்தில் எரிபொருள் வரி இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்றுதான் எனக்குக் கவலை. கேட்டேன். இருக்கிறது, தொகை பாதியாகிவிட்டது, வாரம் ஐந்து நாள் போனவன் மூன்று நாள் போகிறான்.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. முழுப் படத்தையும், குறிப்பைத் திருத்தி, ஒரு மூலையிலாவது போடுங்கள். அந்தப் பெண்ணின் பெயர் வேண்டாம், அரசு வேலையில் இருக்கிறார். படத்தைப் போடலாமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன், கூடவே படத்தையும் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. போடலாம், ஆனால் அந்தப் படம் வேண்டாமாம். சார்ட்டில் 34-வது வாரத்துக் கட்டம் தப்பாம். ஒரு நிலையத்தின் அறிக்கை தாமதமாக வந்ததில் இரண்டு பேர் கூடுதல், மறுநாளே திருத்திவிட்டாராம். தப்பான கணக்கு பேப்பரில் வரக் கூடாது என்று, திருத்திய சார்ட்டோடு மறுநாள் எடுத்த வேறொரு படத்தை அனுப்பியிருக்கிறார்.

அதில் நான் இல்லை. இத்துடன் அந்தப் படத்தைத்தான் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கட்டுரையில் வந்த அதே டாக்டர்,
தென்காசி.